வாத்து மேல பறக்குற குட்டிப் பையன்: 30 வருஷம் தேடின கார்ட்டூன் கிடைச்சிடுச்சு, ஆனா சத்தம் வேற!

கேசட்காரன் (இழையைத் தொடங்கியவர்)

ரொம்ப நாளா இங்க வாசிக்கிறதோட சரி, எழுதினதில்ல. இன்னைக்கு எழுதலைன்னா தூக்கம் வராது.

எனக்கு ஏழு வயசு இருக்கும்போது, கப்பல்ல வேலை பார்த்த மாமா ஒரு வீடியோ கேசட் கொண்டுவந்தார். எந்த நாட்டு டிவியிலயோ பதிவு பண்ணது. மேல ஒட்டியிருந்த தாள் வெறுமையா இருந்துச்சு. உள்ள ஒரு கார்ட்டூன், மூணு பாகம். என்ன மொழின்னே தெரியாது. கட்டைவிரல் அளவுக்கு ஒரு பையன், வெள்ளை வாத்து ஒன்னோட கழுத்தைக் கட்டிக்கிட்டு பறப்பான். கூடவே ஒரு சின்ன எலி மாதிரி பிராணி. துரத்திக்கிட்டே ஒரு நரி.

மூணாவது பாகம் முழுசா கிடையாது. ராத்திரி நேரம், நரி ஒரு வாத்தைக் கவ்விக்கிட்டு ஓடும், பையன் பின்னாலயே ஓடுவான், நரி வாலைப் பிடிச்சிடுவான், அவ்வளவுதான், கேசட் முடிஞ்சிடும். அப்புறம் வெறும் புள்ளி புள்ளியா இரைச்சல். அதையும் நானும் தங்கச்சியும் கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டு இருப்போம், திரும்ப வந்துடுமோன்னு.

நூறு தடவையாவது பார்த்திருப்போம். பிறகு கேசட்ல பூஞ்சை பிடிச்சு, ஒருநாள் பிளேயருக்குள்ள சிக்கி, நாடாவை அறுத்துத்தான் எடுத்தாங்க.

இணையம் வந்த பிறகு எத்தனையோ முறை தேடியிருக்கேன். நில்ஸ்னு பேர் கிடைச்சுது. ஆனா அந்தப் பேரைப் போட்டா வந்ததெல்லாம் 2017ல வந்த கணினி வரைகலைத் தொடர். பையன் பொம்மை மாதிரி பளபளன்னு இருக்கான். 'இது இல்ல'ன்னு ஒவ்வொரு முறையும் மூடிட்டேன்.

போன வாரம் சம்பந்தமே இல்லாத ஒரு வழியில மாட்டுச்சு. 1995ல வந்த 'கோஸ்ட் இன் த ஷெல்' எனக்குப் பிடிச்ச படம். அதோட இயக்குநர் மமோரு ஓஷி ஆரம்ப காலத்துல என்ன பண்ணார்னு மேஞ்சுக்கிட்டு இருந்தேன். ஒரு பழைய தொடர்ல சில பாகங்களை இயக்கியிருக்கார்னு போட்டு, பக்கத்துலயே ஒரு படம். வெள்ளை வாத்து. அதே பையன். எழுந்து நின்னுட்டேன்.

நான் சந்தா கட்டுற தளத்துலயே அது ஜப்பானிய தலைப்புல இருந்திருக்கு. போட்டேன். படம் அச்சு அசலா அதே படம். ஆனா சத்தம் வேற. இசை வேற. பையன் குரல் கனமா இருக்கு, எல்லாமே கொஞ்சம் இழுவையா ஓடுற மாதிரி. அந்த எலிக்குப் பேர் 'கேரட்'னு வருது. நாங்க கேட்டது சத்தியமா 'க்ரூமல்' மாதிரி ஏதோ ஒன்னு. எங்க வீட்டுப் பூனைக்கே க்ரூமல்னுதான் பேர் வெச்சோம்.

என் ஞாபகம் தப்பா? இல்ல இது வேற பதிப்பா? யாருக்காவது தெரியுமா?

சும்மா_இருக்கேன்

ஒரு பூனைக்கு எலி பேரை வெச்சு வளர்த்திருக்கீங்க. அந்தப் பூனை எலி பிடிச்சுதா இல்லையா, அதை முதல்ல சொல்லுங்க.

கேசட்காரன்

பிடிக்கல. இப்பதான் காரணம் புரியுது.

நள்ளிரவு_ரிமோட்

ஞாபகம் தப்பில்ல பாஸ். நீங்க பார்த்தது ஜப்பான்ல எடுத்த 'நில்ஸின் அதிசயப் பயணம்'. அந்த ஊர் பொதுத் தொலைக்காட்சியான என்.எச்.கே.வுல 1980 ஜனவரியில தொடங்கி 1981 மார்ச்ல முடிஞ்சுது, 52 பாகம். தலைமை இயக்குநர் ஹிசாயுகி டோரியுமி. ஓஷி அவர்கிட்ட தொழில் கத்துக்கிட்ட காலம் அது. எடுத்தது ஸ்டுடியோ பியரோ, அவங்களுக்கு இதுதான் முதல் தொடர். பிற்பாடு நருட்டோ, ப்ளீச்னு பிரபல அனிமே தொடர் எல்லாம் எடுத்தாங்களே, அதே பியரோ.

நருட்டோவுக்கு முன்னாடி ஒரு வாத்து இருந்துச்சுன்னு என் பசங்ககிட்ட சொன்னா நம்பவே மாட்டாங்க.

அந்த எலி எலியில்ல, ஹாம்ஸ்டர். ஜப்பானிய மூலத்துல கேரட்தான். நரிக்கு ரெக்ஸ்னு பேர்.

கேசட்காரன்

ரெக்ஸா? எங்க கேசட்ல அது 'ஸ்மிரே'. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல, தங்கச்சியைக் கோபப்படுத்த அந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவேன்.

தூரத்துநரி

என் பெயரிலேயே நரி இருப்பதால் இதில் தலையிட எனக்கு உரிமை உண்டு.

இருவர் சொல்வதும் சரி. நரிக்கு மூல நாவலில் ஸ்மிரே என்றுதான் பெயர். ஜப்பானியர் ரெக்ஸ் ஆக்கினார்கள். ஹாம்ஸ்டரோ நாவலில் கிடையவே கிடையாது. பையன் தனியாகப் பேசிக்கொண்டிருக்க முடியாதே என்று தொடருக்காகச் சேர்த்த துணை. ஆக, 'ஸ்மிரே' என்ற பெயரும் ஹாம்ஸ்டரும் ஒன்றாக வரும் பதிப்பு எதுவோ, அதுதான் உங்கள் கேசட். ஐரோப்பிய மொழி ஏதோ ஒன்றில் குரல் மாற்றியது என்று தோன்றுகிறது.

நாவலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனமில்லை. எழுதியவர் சுவீடனின் செல்மா லாகர்லெவ். 1906, 1907 ஆண்டுகளில் இரண்டு பாகமாக வந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்குத் தங்கள் நாட்டின் புவியியலைச் சொல்லிக் கொடுக்க ஒரு வாசிப்பு நூல் வேண்டும் என்று ஆசிரியர் சங்கம் கேட்டு எழுதப்பட்டது. பாடப்புத்தகம் கேட்டவர்களுக்கு, குட்டிச்சாத்தானை வம்புக்கிழுத்துத் தானே குட்டியாகிப்போன ஒரு போக்கிரிப் பையனைக் கொடுத்தார். அவன் தென்கோடியிலிருந்து வடக்கே லாப்லாந்து வரை பறவை முதுகிலேயே நாட்டைச் சுற்றிவிடுகிறான். 1909இல் இலக்கிய நோபல் பெற்றார், அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண். 1991 முதல் 2015 வரை வெளியான அந்நாட்டின் 20 குரோனர் தாளில் முன்பக்கம் அவர், பின்பக்கம் வாத்தின் மேல் நில்ஸ் இருந்தார்கள்.

வாத்து என்கிறோம், அது நாம் குளத்தில் பார்க்கும் வாத்து அன்று, ஆங்கிலத்தில் 'கூஸ்' என்கிற பெரிய இனம். ஆனால் பட்டைத்தலை வாத்தையும் நாம் வாத்து என்றுதானே சொல்கிறோம், இருக்கட்டும்.

பழைய_ஆன்டெனா

எல்லாரும் குஷியா இருக்கீங்க, நான் ஒருத்தன் மட்டும் தண்ணி ஊத்துறேன், மன்னிச்சுக்கங்க. கேசட்காரன், மேற்கொண்டு தோண்டாதீங்க. நானும் இப்படி ஒன்னைத் தேடிக் கண்டுபிடிச்சேன். பேர் சொல்ல மாட்டேன், அதை நேசிக்கிறவங்க இங்க இருப்பாங்க. ரெண்டு பாகம்தான் பார்த்தேன். ஒரே மரம் மூணு தடவை பின்னால போகுது. வில்லன் ஓடும்போது கால் எட்டே ஓவியம், அதையே திரும்பத் திரும்பச் சுத்துறாங்க. சின்ன வயசுல எனக்கு அது மாபெரும் காடு. இப்போ பார்த்தா ஒத்தை மரம். பார்த்ததுக்கப்புறம் பழைய காடு திரும்ப வரவேயில்ல.

நள்ளிரவு_ரிமோட்

ஒத்தை மரத்தைக் காடா காட்டுறதுதானே அவங்க திறமை? வாராவாரம் ஒரு பாகம் கொடுக்கணும். ஒவ்வொரு அசைவையும் கண்ணாடித் தாள்ல கையால வரைஞ்சு, வண்ணம் அடிச்சு, கேமராவுக்குக் கீழ வெச்சு ஒன்னொன்னா எடுக்கணும். வரைஞ்சதைத் திரும்பப் பயன்படுத்தலைன்னா வாரம் என்ன, வருஷம் ஆனாலும் முடியாது.

பழைய_ஆன்டெனா

தெரியும் ஐயா. தெரிஞ்சதுதான் பிரச்சினை.

பனிக்கால_அன்னம்

வணக்கம். கேசட்காரன் அண்ணை, உங்கட 'க்ரூமல்' எண்டதை வாசிச்சிட்டு நான் தனிய இருந்து சிரிச்சனான். அது டொச், ஜெர்மன் பாஷை. க்ரூமல் எண்டா டொச்சில துணுக்கு, உதிரி எண்டு அர்த்தம். சின்னப் பிள்ளையளைச் செல்லமாக் கூப்பிடவும் அதைச் சொல்லுவினம். நான் சின்னனில ஜெர்மனியில வளர்ந்தனான், இதை ரீவியில பாத்துத்தான் டொச் கதைக்கப் பழகினனான். அம்மாவும் எனக்குப் பக்கத்தில இருந்து பாத்துத்தான் கொஞ்சம் பழகினவா. வகுப்பில சொல்லித் தராத சொல்லெல்லாம் அவாவுக்கு நரி சொல்லிக் குடுத்தது.

டொச்சில நரி ஸ்மிரே, வாத்து மார்ட்டின், ஹாம்ஸ்டர் க்ரூமல். எல்லாம் உங்கட கேசட்டோட பொருந்துது.

இசை வேற எண்டு சொன்னீங்களே, அதுவும் உண்மை. டொச் பதிப்புக்குப் புதுசா இசை போட்டவர் கரெல் ஸ்வோபோடா, செக் நாட்டுக்காரர். 'மாயா தேனீ' பாத்திருப்பியள், அதுக்கும் அவர்தான். ஜப்பான் இசையை எடுத்துப்போட்டு இதை வைச்சிருக்கினம். அதனால ஜப்பான் பதிப்பில நீங்கள் எவ்வளவு தேடினாலும் உங்கட பாட்டு கிடையாது.

கேசட்காரன்

அக்கா... பத்து நிமிஷம் திரையையே பார்த்துக்கிட்டு இருந்தேன். ஜெர்மன்! மாமா கப்பல் எங்கெங்க போச்சுன்னு அவர் இருந்தப்ப நான் கேட்டதே இல்ல.

அந்த ஸ்வோபோடா இசை எங்கயாவது கேட்கக் கிடைக்குமா?

பனிக்கால_அன்னம்

அக்கா எண்டு கூப்பிடாதீங்கோ, நான் உங்களை விட இளசாத்தான் இருப்பன் :)

டிவிடிப் பெட்டியா வந்திருக்கு. ஆனா அதுக்கு முதல் நீங்கள் சந்தா கட்டுற தளத்திலயே ஒருக்காத் தேடிப் பாருங்கோ. டொச் பதிப்பை வேற தொடர் மாதிரித் தனியாப் போட்டிருப்பினம், நில்ஸ் ஹோல்கர்சன் எண்ட பேரில. படத்தைப் பாத்து ஏமாறாமல் ஆண்டைப் பாருங்கோ.

சுட்டிக்காலம்

குறுக்க வரேன். நான் உங்களையெல்லாம் விட ரொம்பச் சின்னவன். எனக்கு இந்தப் பிரச்சினை 'ஜாக்கி சான் அட்வெஞ்சர்ஸ்'ல வந்துச்சு. சுட்டி டிவியில தமிழ்ல பார்த்து வளர்ந்தவங்களுக்குத் தெரியும், அதுல மாமா பேசுறதுக்குன்னே பார்ப்போம். பெரியவனானதும் ஸ்ட்ரீமிங்ல மொத்தம் 95 பாகமும் கிடைச்சுது. ஆங்கிலம் மட்டும். தெளிவான படம், ஒரு கோடு கிடையாது, ஒரு விளம்பரம் கிடையாது. அரை மணி நேரத்துல நிறுத்திட்டேன். யாரோ தெரியாதவங்க வீட்டுல நம்ம சட்டையைப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்துச்சு.

ஆங்கிலத்துலயும் ஜாக்கி சான் குரல் ஜாக்கி சானோடது இல்ல, ஜேம்ஸ் சீன்னு ஒருத்தர் பேசியிருக்கார். நிஜ ஜாக்கி கடைசியில வர்ற கேள்வி பதில்ல மட்டும்தான் நேர்ல வர்றார். ஆக மூலக் குரல்னே ஒன்னு இல்லாத தொடர் அது. அப்போ நான் கேட்ட தமிழ்க் குரல் மட்டும் எப்படி நகல் ஆகும்?

சும்மா_இருக்கேன்

கடைசி வரியை மட்டும் ஒத்துக்கறேன். நம்ம ஊர்ல பாதிப் பேருக்கு ஹிந்தி ஒரு வார்த்தை தெரியாது, ஆனா தூர்தர்ஷன்ல வந்த 'ஜங்கிள் புக்' பாட்டு முதல் எழுத்துலேர்ந்து கடைசி எழுத்து வரை மனப்பாடம். எழுதினது குல்சார், இசை விஷால் பரத்வாஜ். அது ஜப்பான் தொடர்னு எனக்கு மீசை முளைச்சப்புறம்தான் தெரியும். 1989ல அங்க எடுத்தது, 52 பாகம். ஜப்பானிய பதிப்பைப் போட்டுப் பார்த்தேன், அந்தப் பாட்டு எங்கயும் வரல. வரவும் வராது, அது ஹிந்திக்குன்னே போட்டது. என் மௌக்லி வெறும் உடம்போட வந்து நின்னான், ஆடையில்லாம. சரி, அவன் எப்பவும் அப்படித்தான்.

2020 ஊரடங்குல தூர்தர்ஷன் மறுபடி போட்டப்ப பாட்டு வந்துச்சு. எங்க வீட்டுல நாலு பேரும் கோரஸ். அர்த்தம் யாருக்கும் தெரியாது.

மஞ்சள்பெட்டி

பழைய கேசட்டுகளை டிஜிட்டலுக்கு மாத்துறது என் பொழுதுபோக்கு, அதனால ரெண்டு விஷயம் சொல்றேன். கொஞ்சம் நீளமா போகும்.

முதல்ல குரல் ஏன் தொலையுதுன்னு. ஒரு தொடரை வெளிநாட்டுக்கு விக்கும்போது படத்தோட ஒரு தனி ஒலித்தடம் கொடுப்பாங்க. அதுல இசையும் சத்தங்களும் இருக்கும், பேச்சு மட்டும் இருக்காது. வாங்கின சேனல் அது மேல தன் மொழிப் பேச்சை ஏத்திக்கும். உரிமை சில வருஷத்துக்குத்தான். அது முடிஞ்சதும் படம் யாருதோ அவங்ககிட்ட திரும்பிடும். ஏத்தின பேச்சு? அது சேனலோட அலமாரியில ஒரு நாடாவா கிடக்கும். அலமாரி நிறைஞ்சா அது மேலயே வேற நிகழ்ச்சியைப் பதிவாங்க, இல்ல தூக்கிப் போடுவாங்க. பின்னாடி ஸ்ட்ரீமிங் தளம் தொடரை வாங்குறப்ப, படம் வெச்சிருக்கிறவங்ககிட்ட எந்த மொழி இருக்கோ அதுதான் வரும். அலமாரியைப் போய் யாரும் தட்டமாட்டாங்க. பல பதிப்புகளுக்கு மிஞ்சியிருக்கிற ஒரே பிரதி, யாரோ வீட்டுல பதிவு பண்ணி வெச்ச கேசட்தான். பூஞ்சை பிடிச்ச கேசட் யார்கிட்டயாவது இருந்தா தயவுசெஞ்சு பிளேயர்ல போடாதீங்க. அந்த வெள்ளைப் பொடி ஹெட்ல ஒட்டி அடுத்த கேசட்டையும் கெடுக்கும். நாடாவும் அறுந்துடும். சுத்தம் பண்ணிட்டுத்தான் ஓட்டணும்.

ரெண்டாவது, கேசட்காரன் சொன்ன 'இழுவை'. அது மனப்பிரமை இல்ல. ஃபிலிம்ல எடுத்த கார்ட்டூன் நொடிக்கு 24 படம். ஐரோப்பாவுல அப்போ இருந்த பால் (PAL) முறை டிவி நொடிக்கு 25 காட்டும். 24ஐ 25 ஆக்க அவங்க பண்ண எளிய வழி, மொத்தத்தையும் 4 சதவீதம் வேகமா ஓட்டிவிடுறது. கண்ணுக்குத் தெரியாது. காதுக்குத் தெரியும். சுருதி ஏறிடும். நம்ம கணக்குல சொன்னா கால் கட்டைக்கு மேல, அரைக் கட்டைக்குக் கீழ. ஜப்பான், அமெரிக்க டிவி வேற முறை, அங்க படங்களைத் திருப்பிக் காட்டிச் சமாளிப்பாங்க, வேகம் அப்படியே இருக்கும்.

அதனால உங்க கேசட் பால் கேசட்டா இருந்தா, நீங்க சின்ன வயசுல பார்த்தது முழுக்க 4 சதவீதம் அவசரமா ஓடினது. ஸ்ட்ரீமிங்ல வர்றதுதான் சரியான வேகம். உங்களுக்கு அது இழுக்குற மாதிரிதான் இருக்கும்.

ஒரே காட்சியை ரெண்டு பதிப்புலயும் நேரம் வெச்சுப் பாருங்க. ஜப்பான்ல 50 நொடி ஓடினா, ஜெர்மன்ல 48 வரணும்.

பழைய_ஆன்டெனா

இது எனக்குப் புதுசு. அப்போ எந்த வேகம் நிஜம்னு கேட்டா?

மஞ்சள்பெட்டி

எடுத்தவங்களுக்கு 24. கேசட்காரனுக்கு 25.

மட்டுறுத்துநர்

சிலர் தனிமடலில் 'முழுத் தொடரும் இங்கே தரவிறக்கலாம்' என்று இணைப்பு அனுப்புவதாகப் புகார் வந்துள்ளது. வேண்டாம். இழை நன்றாகப் போகிறது, பூட்ட வைக்காதீர்கள்.

கேசட்காரன்

எல்லாருக்கும் நன்றி. இப்ப ஒரு அவமானத்தை ஒத்துக்கணும்.

பனிக்கால_அன்னம் சொன்ன மாதிரியே அதே தளத்துல போய் நில்ஸ் ஹோல்கர்சன்னு அடிச்சேன். அதே பளபள பொம்மைப் பையன் படம். அதுக்குப் பக்கத்துலயே இன்னொன்னு, அதே பொம்மைப் பையன் படம். இத்தனை நாளா ஒரே தொடரை ரெண்டு தடவை காட்டுறாங்கன்னு நினைச்சிருந்தேன். ஆண்டைப் பார்த்தேன். ரெண்டாவதுல 1980. பாகம் ஒவ்வொன்னும் 23 நிமிஷம். புதுசு அதுல பாதிதான் ஓடும். பழைய தொடருக்குப் புதுத் தொடரோட முகப்புப் படத்தை எவனோ ஒட்டி வெச்சிருக்கான். அஞ்சாறு வருஷமா அது மேல என் விரல் போய்ப் போய்த் திரும்பியிருக்கு.

போட்டேன். ஜெர்மன். முகப்புப் பாட்டு தொடங்கினதும் தளம் கீழ ஒரு பொத்தானைக் காட்டுது, 'அறிமுகத்தைத் தவிர்'. எதைய்யா தவிர்க்கச் சொல்றே? முப்பது வருஷம் தேடினதே அந்தப் பாட்டைத்தான். தங்கச்சிக்கு ஃபோன் போட்டு டிவி பக்கத்துல வெச்சேன், 'என்ன'ன்னுகூட அவ கேக்கல. கூடவே முணுமுணுத்தா, வார்த்தையா இல்லாத ஏதோ வார்த்தைகள்ல.

மஞ்சள்பெட்டி, கைக்கடிகாரம் வெச்சுப் பார்த்தேன். நரி கரையிலேர்ந்து பதுங்கிப் பதுங்கி வர்ற காட்சி. ஜப்பான்ல 50. ஜெர்மன்ல 48. மூணு தடவை பார்த்துட்டேன். 48.

மஞ்சள்பெட்டி

😊 கால் கட்டைக்கு மேல.

ஒரு வேண்டுகோள். பக்கத்துல கருப்புப் பட்டை வருதுன்னு ரிமோட்ல ஜூம் பண்ணிடாதீங்க. அது பழைய டிவியோட 4:3 சட்டகத்துக்குன்னே வரைஞ்சது. அகலமாக்கினா மேலயும் கீழயும் வெட்டுப்படும். டிஸ்னி பிளஸ் 2019 நவம்பர்ல 'சிம்ப்சன்ஸ்' போட்டப்ப பழைய பாகங்களை இப்படித்தான் வெட்டி அகலமாக்கிப் போட்டாங்க. அதுல ஒரு நகைச்சுவை, பீர் ஆலையில மூணு விதமான பீர் மூணு தொட்டியில இருக்கும், மேல பார்த்தா மூணுக்கும் ஒரே குழாய்லேர்ந்துதான் வருது. மேல வெட்டினதும் குழாய் காணோம், நகைச்சுவையும் காணோம். ரசிகர்கள் சண்டை போட்டு, 2020 மே மாசம் 4:3ஐத் திருப்பிக் கொடுத்தாங்க.

கேசட்காரன்

ஜூம் பண்ணல. ஆனா பாகம் முடிஞ்சதும் இறுதிப் பாட்டு மூலையில ஒரு தபால்தலை சைஸுக்குச் சுருங்கி, 'அடுத்தது 5 நொடியில்'னு ஓடுது. பிடிச்சுப் பெருசாக்குறதுக்குள்ள அடுத்த பாகம். சின்ன வயசுல கேசட் ரிமோட்டுக்கு நானும் தங்கச்சியும் அடிச்சுக்குவோம், இப்போ ஒரு மென்பொருளோட அடிச்சுக்கறேன்.

தூரத்துநரி

அந்த மூன்றாவது பாகம் என்னவாயிற்று? நாவலில் நரியின் வாலைப் பிடித்த நில்ஸ் என்ன செய்கிறான் என்றால்

கேசட்காரன்

நிறுத்துங்க நிறுத்துங்க!! சொல்லாதீங்க. அங்க வரைக்கும்தான் பார்த்திருக்கேன். வாலைப் பிடிச்ச இடத்துல நிறுத்தி வெச்சிருக்கேன், மூணு நாளாச்சு. தினமும் ராத்திரி போடலாம்னு உட்காருவேன், அப்புறம் முதல் ரெண்டு பாகத்தையே மறுபடி பார்த்துட்டுப் போய்ப் படுத்துடுவேன்.

சும்மா_இருக்கேன்

மூணு நாளா அந்த நரி வாலோட வலியை நெனைச்சுப் பாத்தீங்களா?

பழைய_ஆன்டெனா

எனக்கு இது புரியுது. போடாதீங்கன்னு சொல்ல மாட்டேன், ஆனா புரியுது.

தூரத்துநரி

பாதியில் நிறுத்தியதை மதிக்கிறேன். வேறொன்று சொல்லலாமா? இது அந்த இடத்தைப் பற்றியதல்ல.

ஜப்பானிய எழுத்தாளர் கென்சாபுரோ ஓஎ 1994இல் நோபல் பரிசு வாங்கிய உரையில் இந்த நாவலைக் குறிப்பிடுகிறார். போர்க்காலத்தில் காட்டுப் பகுதியில் வளர்ந்த சிறுவன் அவர். இதை வாசித்து இரண்டு நம்பிக்கை பிறந்ததாம். ஒன்று, என்றாவது பறவைகளின் மொழி தனக்குப் புரியும். இன்னொன்று, காட்டுவாத்துகளோடு பறந்து போய்விடலாம். ஆஸ்திரிய விலங்கியலாளர் கொன்ராட் லோரென்ஸ் இன்னும் ஒரு படி மேல். இந்தக் கதையைக் கேட்டு வாத்தாகவே ஆக விரும்பி, அது முடியாது என்று தெரிந்ததும் ஒரு வாத்தாவது வேண்டும் என்று அடம்பிடித்தார். பிறகு வாத்துக் குஞ்சுகள் பிறந்ததும் முதலில் பார்த்தவரைத் தாயாக எண்ணிப் பின்தொடர்வதை ஆராய்ந்து புகழ்பெற்று, 1973இல் நோபலில் பங்கு பெற்றார்.

நாவலின் முடிவில் நில்ஸ் பழையபடி பெரிய பையனாகிவிடுவான். அதன் பிறகு வாத்துகள் பேசுவது அவனுக்குப் புரியாது, சத்தமாகத்தான் கேட்கும். இதைச் சொன்னதற்கு மன்னிக்கவும், ஆனால் இது நூறு வருடத்துக்கும் மேல் பழைய முடிவு.

சுட்டிக்காலம்

கேசட்காரனுக்கு நேர்மாறா நடந்திருக்கு போல. சின்ன வயசுல ஒரு வார்த்தை புரியாம மொத்தமும் புரிஞ்சுது. இப்போ ஜப்பான் பதிப்புல வசன வரியெல்லாம் புரியுது, ஆனா...

சும்மா_இருக்கேன்

தம்பி, கவிதை இழை பக்கத்துல இருக்கு.

பனிக்கால_அன்னம்

நான் உங்கட இழையைப் பாத்துப்போட்டு அம்மாவுக்குப் பாட்டைப் போட்டுக் காட்டினனான். உடன ஸ்மிரே மாதிரிக் கதைச்சுக் காட்டினா. நாற்பது வருசமா இந்த நாட்டில இருந்தும் அவாவின்ர டொச்சில இன்னும் அந்த நரியின்ர ராகம் இருக்கு. இப்பத்தான் எனக்கு அது விளங்கினது.

அண்ணை, அந்தப் பாகத்தைப் பாத்தீங்களோ?

கேசட்காரன்

இல்ல. ஆனா விஷயம் கைமீறிப் போச்சு.

நேத்து சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்தா, என் பொண்ணு டிவி முன்னாடி உட்கார்ந்திருக்கா. ஏழு வயசு. திரையில வாத்து பறக்குது, ஏதோ நான் பார்த்தே இராத மலை. நெஞ்சே நின்னுடுச்சு. 'எத்தனாவது பாகம்மா?'ன்னேன். பதினொன்னாம். நான் நிறுத்தி வெச்ச இடத்துலேர்ந்து தானா அடுத்தது, அதுக்கடுத்ததுன்னு ஓடியிருக்கு, இவளும் லீவு நாளாச்சேன்னு உட்கார்ந்தே இருந்திருக்கா.

ஜப்பான் பதிப்புல ஆங்கில எழுத்து வருமே, அதைப் போட்டுத் தரட்டான்னு கேட்டேன். ஜெர்மன்ல எழுத்தே கிடையாது. வேண்டாமாம், எழுத்து வாத்தோட காலை மறைக்குதாம். 'உனக்கு என்ன பேசுறாங்கன்னு புரியுதா?'ன்னா, 'புரியுதே'ன்னு ஒரு பார்வை பார்த்தா.

அப்புறம் அவளே திரும்பி, 'அப்பா, அந்த நரி வாலை அவன் பிடிச்சான்ல, அப்புறம் என்ன ஆச்சு தெரியுமா'ன்னு ஆரம்பிச்சா. ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு சமையலறைக்கு ஓடிட்டேன்.

சும்மா_இருக்கேன்

பூனைக்கு என்ன பேர் வைக்கப் போறாளாம்?

கேசட்காரன்

பூனை வேண்டாமாம். வாத்து வேணுமாம்.

மட்டுறுத்துநர்

தேடியது கிடைத்துவிட்டதால் தலைப்பில் 'கண்டுபிடிக்கப்பட்டது' என்று குறித்துவிடலாமா?

கேசட்காரன்

கொஞ்சம் பொறுங்க. அவ பக்கத்துல உட்கார்ந்து பன்னிரண்டாவதுலேர்ந்து பார்க்க ஆரம்பிச்சிருக்கேன். நாலுலேர்ந்து பதினொன்னு வரை அப்புறம் தனியா. அந்த மூணாவதோட மிச்சத்தை எப்போ பார்ப்பேன்னு தெரியல.